பழைய எண் 3, புதிய எண் 1

நிராகரிக்கப்பட்டது என்று பதில் வந்திருந்தது. தயாளன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார். கண்ணாடியில் குற்றம் எதுவும் இல்லை.

“ஜெரூஷா, இங்க கொஞ்சம் வாம்மா. இது என்ன சொல்லுதுன்னு பாரு.”

ஜெரூஷா எழுந்திருக்கும் சிரமத்தை வைத்துக்கொள்ளாமல் நாற்காலியோடு உருண்டு வந்தாள்.

“‘நீங்கள் அனுப்பியது பதிப்பு எண் 1. எங்களிடம் ஏற்கெனவே எண் 3 இருக்கிறது. ஆகவே உங்களுடையது பழையது.’ என்ன அண்ணா இது, நாம அனுப்பினதுதானே புதுசு?”

“அதைத்தான் நானும் காலையிலேர்ந்து நினைச்சுக்கிட்டிருந்தேன்.”

குரோம்பேட்டையில் ஒரு பல் டாக்டருக்கு மேல்மாடியில் இருந்தது அந்த அலுவலகம். பள்ளிக்கூடங்களுக்குக் கட்டண ரசீது போடும் மென்பொருள்தான் அங்கே பிரதானம். மூலையில் இரண்டு மேசை மட்டும் வானிலைப் பிரிவு. தயாளனும் ஜெரூஷாவும்தான் அந்தப் பிரிவு முழுவதும்.

விமான நிலையங்கள் ஒன்றுக்கொன்று வானிலை சொல்லிக்கொள்ளும். இங்கே காற்று இந்தப் பக்கம், மேகம் இவ்வளவு தாழ்வு, ஓடுபாதையில் பனிமூட்டம் என்று கம்ப்யூட்டரிலிருந்து கம்ப்யூட்டருக்குச் செய்தி போகும். எல்லா நாட்டுக் கம்ப்யூட்டருக்கும் அது புரியவேண்டுமானால் செய்தி ஒரே அமைப்பில் இருக்கவேண்டும். அந்த அமைப்புக்கு ஒரு தரநிலை, தரநிலைக்கு ஒரு பதிப்பு எண்.

இதுவரை அது ஓட்டல் சாப்பாடு மாதிரி மொத்தமாக இருந்தது. ரசத்தில் மிளகு கூடினாலும் முழுச் சாப்பாட்டுக்கும் புது எண் வந்துவிடும். எரிமலைச் சாம்பல் பற்றிய செய்தியில் ஒரு வரி மாறினால், எரிமலையைப் படத்தில் மட்டும் பார்த்த ஊர்களும் எல்லாவற்றையும் முதலிலிருந்து சோதிக்கவேண்டும். இப்போது அதைப் பகுதி பகுதியாகப் பிரித்துவிட்டார்கள். நிலைய வானிலை தனி, முன்கணிப்பு தனி, புயல் தனி, எரிமலைச் சாம்பல் தனி. மொத்தக் கட்டின் எண் மூன்றோடு முடிந்தது. பிரிந்த பகுதிகள் ஒவ்வொன்றும் ஒன்றிலிருந்து தொடங்கும்.

நல்ல ஏற்பாடுதான். தயாளனும் அதைக் குறை சொல்லவில்லை. எல்லாப் பகுதிக்கும் பயபக்தியோடு 1 என்று போட்டு அனுப்பினார்.

அனுப்பியது பெருங்குடியில் இருந்த ஒரு சோதனை நிறுவனத்துக்கு. அவர்கள் சான்றிதழ் கொடுத்தால்தான் விமான நிலையங்கள் மென்பொருளை வாங்கும். ‘மனிதக் கை படாத, முழுத் தானியங்கிச் சோதனை’ என்று பிஸ்கட் பாக்கெட்டில் போடுவதுபோல் தங்கள் இணையப் பக்கத்தில் போட்டிருந்தார்கள். போன் பேச வழியில்லை. ஐந்து முறை நிராகரித்தால் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். இன்று மாலையோடு கெடு முடிகிறது.

முதலாளி ஸ்ரீரங்கன் திங்கட்கிழமையே தெளிவாகச் சொல்லிவிட்டார். “சான்றிதழ் வரலேன்னா வானிலையை மூடிடுவேன் தயாளன். தப்பா எடுத்துக்காதீங்கோ. ரசீது ஒண்ணே போதும் எனக்கு.”

தயாளன் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. பயமாக எடுத்துக்கொண்டார். அவருக்கு நாற்பத்தொன்பது வயது. இந்த வயதில் இன்னொரு கம்பெனியின் வாசலில் போய் நின்றால், பழைய பதிப்பு என்று அவரையும் நிராகரித்துவிடுவார்கள்.

ஸ்ரீரங்கன் டபராவும் கையுமாக வந்து எட்டிப் பார்த்தார்.

“என்னவாம்?”

“ஒண்ணு மூணைவிடச் சின்னதுங்குது சார்.”

“சின்னதுதானே?”

“சின்னதுதான் சார். ஆனா இது புது ஒண்ணு.”

“அதை மெஷினுக்கு எப்படிய்யா புரியவைப்பீர்? அதுக்குக் கூட்டல் கழித்தல்தான் தெரியும். மூணைவிடப் பெரிசா நாலுன்னு போட்டு அனுப்பும். வாயை மூடிண்டு வாங்கிக்கும்.”

தரநிலையில் நாலு என்று ஒன்று கிடையாது என்று சொல்ல தயாளன் வாயெடுத்தார். அதற்குள் ஸ்ரீரங்கன் காபியை ஆற்றிக்கொண்டே போய்விட்டார். எல்லாப் பகுதிக்கும் 4 என்று போட்டு அனுப்பினார்கள்.

பதில் சீக்கிரமே வந்தது. ‘நிராகரிக்கப்பட்டது. 4 என்று எதுவும் வெளியாகவில்லை. இது எங்கிருந்து வந்தது?’

“மெஷின் கேள்வியெல்லாம் கேக்குது அண்ணா,” என்றாள் ஜெரூஷா.

“ஏ.ஐ. போட்டிருப்பான். இப்ப கிரைண்டர்லகூடப் போடறான்.”

“நாலும் வேணாம், ஒண்ணும் வேணாம். மூணுக்குக் கொஞ்சம் மேல இருந்தா ஒத்துக்குமில்ல? மூணு புள்ளி அஞ்சு போடுவோம்.”

நிராகரிப்பு ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டதால், இந்த முறை ஸ்ரீரங்கனைக் கேட்காமல் அனுப்ப தயாளனுக்குத் தைரியம் வரவில்லை. போய்க் கேட்டார். ஸ்ரீரங்கன் விரல் மடக்கினார்.

“மூணும் அஞ்சும் எட்டு. சனி எண். என் வண்டி நம்பர், போன் நம்பர் எதுலயும் எட்டு வராம பார்த்துண்டிருக்கேன். ஆபீஸ் தலையெழுத்தையா எட்டுல கொண்டுபோய் வெக்கச் சொல்றீர்? மூணு புள்ளி ஆறு போடும்.”

தயாளனுக்கு எண் சாஸ்திரத்தில் நம்பிக்கை இல்லை. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். ஆனால் சம்பளம் கொடுக்கிறவரின் நம்பிக்கை மீது அவருக்கு மரியாதை உண்டு. 3.6 என்று போட்டு அனுப்பினார்.

அனுப்பியபோது மணி ஒன்று. பதில் வரவில்லை. தயிர்சாதத்தை முடித்து, டப்பாவைக் கழுவி வந்தார்கள். அப்போதும் வரவில்லை.

“ஏன், உங்க மெஷின் சாப்பிடப் போயிடுத்தா?” என்று ஸ்ரீரங்கன் தன் அறையிலிருந்தே குரல் கொடுத்தார்.

“லோடு ஜாஸ்தியா இருக்கும் சார்,” என்றார் தயாளன்.

இரண்டு மணிக்கு மேல்தான் பதில் வந்தது. ‘நிராகரிக்கப்பட்டது. 3.6 என்றால் அதற்கு முன்னால் 3.5 வந்திருக்கவேண்டும். அது எங்கே? தயவுசெய்து மாற்றி மாற்றி அனுப்பாதீர்கள்.’

“தயவுசெய்துன்னு போட்டிருக்கு,” என்றாள் ஜெரூஷா. “நல்லா வளர்த்திருக்காங்க.”

தயாளனுக்குச் சிரிப்பு வரவில்லை. எந்த எண் போட்டாலும் குற்றம் என்றால், எண்ணே போடாமல் விட்டால் என்ன என்று தோன்றியது. வயிற்றில் பயம் புகுந்தால் மூளைக்கு இப்படித்தான் வழி தெரியும். பதிப்பு எண் இருக்கவேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு அனுப்பினார். ஜெரூஷா “அண்ணா, வேணாம்” என்று சொல்லி முடிப்பதற்குள் அது போய்விட்டது.

‘நிராகரிக்கப்பட்டது. எண் இல்லாமல் எப்படி? விளையாடாதீர்கள். உங்களுக்கு இன்னும் ஒரே வாய்ப்பு.’

ஸ்ரீரங்கன் அதை நின்றபடியே படித்தார். தயாளன் தோளில் தட்டிவிட்டுப் போனார். திட்டியிருந்தால் பரவாயில்லை. தோளில் தட்டுவது, ஊருக்குப் போகிறவனை பஸ் ஏற்றிவிடும்போது செய்கிற காரியம்.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. தயாளன் மனைவி தபீதாள்.

“என்னங்க, வாஷிங் மெஷின் இன்னும் வரலை. அதுக்காகத்தான் ஸ்கூலுக்கு லீவு போட்டேன். காலையிலேர்ந்து வாசலைப் பார்த்துக்கிட்டே கையால துவைச்சுக்கிட்டிருக்கேன்.”

“வரும் தபீதா. நான் இங்க ஒரு தலைவலியில இருக்கேன்.”

“உங்க தலைவலியை நீங்க துவைங்க, என் துணியை யாரு துவைக்கறது? டெம்போக்காரர் நம்பர் அனுப்பறேன், நீங்களே பேசுங்க.”

டெம்போக்காரர் பெயர் குப்புராஜ். போனை எடுத்ததுமே பொரிந்தார்.

“இன்னா சார், காலீலேர்ந்து பேஜார் பண்றீங்க! அஸ்தினாபுரத்துல உங்க தெருவுலதான் சுத்திகினு கீறேன். பில்லுல நாலாம் நம்பர்னு போட்டுகீது. நாலாம் நம்பர் வூட்ல ஒரு நாயிதான் கீது. அது மெஷின எறக்க வுடமாட்டேங்குது.”

“அது பழைய நாலுப்பா. எங்களோடது புது நாலு.”

“புது நாலா?”

“பழைய எண் பதினேழு, புதிய எண் நாலு. கேட்ல ரெண்டும் எழுதியிருக்கும் பாரு.”

“அத்த மொதல்லயே சொல்லக்கூடாதா சார்? பதினேழத் தாண்டித்தான் மூணு தபா போனேன். பழசும் புதுசும் சேர்த்துப் போட்டிருந்தா கண்ண மூடிகினு வந்துருப்பேனே!”

தயாளன் போனை வைத்தார். நாற்காலியை ஜெரூஷா பக்கம் திருப்பினார்.

“ஜெரூஷா, உங்க வீட்டு நம்பர் என்ன?”

“பழைய எண் ஒம்பது, புதிய எண் இருபத்திரண்டு. ஏன் அண்ணா?”

“எவனாவது இருபத்திரண்டு பெரிசு, அதனால உங்க வீடு தெருக்கோடியில இருக்குன்னு சொன்னானா?”

“சொல்லமாட்டாங்க. அது வேற வரிசை, இது வேற வரிசை.”

“நம்ம ஒண்ணும் அதேதான். வேற வரிசை.”

“அண்ணா, அது மனுஷங்களுக்குப் புரியும். மெஷினுக்கு எப்படிப் புரியும்?”

நியாயமான கேள்விதான். ஆனால் தயாளனிடம் வேறு யோசனை இல்லை. ஸ்ரீரங்கனிடம் இந்த முறை கேட்கவில்லை. கேட்டால் கூட்டிப் பார்ப்பார். பதிப்பு எண்ணுக்குரிய இடத்தில் 1 என்று போட்டு, குறிப்பு எழுதும் இடத்தில், சென்னையில் எந்த கேட்டிலும் காணக்கூடிய விதமாக எழுதினார்: ‘பழைய எண் 3, புதிய எண் 1.’ கண்ணை மூடி ஒரு வரி ஜெபித்துவிட்டு அனுப்பினார்.

வெளியே ரயில் ஒன்று தாம்பரம் பக்கமாகப் போகும் சத்தம் கேட்டது. அது ஓய்வதற்குள் பதில் வந்துவிட்டது.

‘ஏற்கப்பட்டது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. சான்றிதழை எங்கள் ஊழியர் இன்றே நேரில் கொண்டுவருவார்.’

ஜெரூஷா “அல்லேலூயா!” என்று கத்தினாள். கீழே பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்த யாரோ பயந்திருக்கவேண்டும். ஸ்ரீரங்கன் ஓடிவந்தார். ரசீதுப் பிரிவில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து வந்தார்கள். தயாளனுக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“எப்படிய்யா? எந்த எண்?”

தயாளன் சொன்னார். ஸ்ரீரங்கனுக்கு மூன்றும் ஒன்றும் நான்கு என்று கூட்டிப் பார்க்கத் தோன்றவேயில்லை. அவ்வளவு சந்தோஷம்.

“மெஷினுக்கு எப்படித் தெரிஞ்சுது பழைய எண், புதிய எண் விவகாரம்?”

வேலை போகாது என்று உறுதியானதும் மனிதனுக்கு ஞானம் வந்துவிடுகிறது. தயாளன் வெள்ளைப் பலகை அருகே போய் மார்க்கரை எடுத்தார்.

“ஏ.ஐ.ங்கறது பாத்தீங்கன்னா சார், எண்ணைப் பார்க்காது, சந்தர்ப்பத்தைப் பார்க்கும். இங்க ஒரு வரிசை, இங்க ஒரு வரிசை. நடுவுல நாம ஒரு பாலம் போட்டோம். காலையிலேர்ந்து அதோட பழக்கவழக்கத்தை நான் கவனிச்சுக்கிட்டே வந்தேன். மதியம் ஒரு மணிக்கு மேல அது கொஞ்சம் மந்தமாயிடுது. எரிச்சல் வந்தா கேள்வி கேக்குது. மரியாதையா அனுப்பினா மரியாதையா வாங்கிக்குது.”

ரசீதுப் பிரிவில் ஒருவர் அதை எழுதிக்கொண்டார். ஸ்ரீரங்கன், இந்த முறையைப் பற்றி உலக வானிலைக்காரர்களுக்கே ஒரு கட்டுரை எழுதி அனுப்பவேண்டும் என்றார். தயாளன் பெயரை முதலில் போட்டு, தன் பெயரை அதற்கும் முன்னால் போடச் சொன்னார். நடுவில் தபீதாள் போன் செய்து, மெஷின் வந்து இறங்கிவிட்டது, குப்புராஜுக்கு மோர் கொடுத்தேன் என்று தகவல் சொன்னாள்.

ஆறு மணி வாக்கில் ஒரு பெண் ஹெல்மெட்டும் கையுமாகப் படியேறி வந்தாள். பெருங்குடி நிறுவனத்தின் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. சின்மயி என்று பெயர். வீடு ராதா நகரில், போகிற வழி என்பதால் தன்னிடமே கொடுத்தனுப்பினார்கள் என்றாள். கண்கள் இரண்டும் சிவந்து, பார்க்கவே களைப்பாக இருந்தாள். ஸ்ரீரங்கன் காபி வரவழைத்துக் கொடுத்து, சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

“உக்காரும்மா. உங்க மெஷின் அபாரம். நம்ம தயாளன் இப்பத்தான் அது எப்படி யோசிக்கறதுன்னு ஒரு வகுப்பே எடுத்தார். நீயும் கேளு.”

தயாளன் அடக்கமாகப் புன்னகைத்து, பலகையைக் காட்டினார். வரிசைகள், பாலம், ‘மதியம் மந்தம்’, ‘எரிச்சல்’ எல்லாம் இரண்டு வண்ணத்தில் இருந்தன. சின்மயி காபியைக் குடித்தபடி ஒவ்வொன்றாகப் படித்தாள். ‘எரிச்சல்’ என்ற இடத்தில் கொஞ்ச நேரம் நின்றாள்.

“ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடும்மா,” என்றார் ஸ்ரீரங்கன். “பழைய எண், புதிய எண்ணெல்லாம் அந்த மெஷினுக்கு யார் சொல்லிக்கொடுத்தா?”

சின்மயி டம்ளரைக் கீழே வைத்தாள். பின்னால் கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

“வெளியில சொல்லிடாதீங்க சார், எங்க வீட்டு கேட்லயும் அப்படித்தான் எழுதியிருக்கு. மெஷின் இன்னும் வந்து இறங்கவே இல்லை, காலையிலேர்ந்து உங்களை ரிஜெக்ட் பண்ணிக்கிட்டிருந்தது நான்தான்.”