மாஸ்டர் சொன்ன வாடை

முன்னாள் மாஸ்டரை எடைபோடுபவர் என்று ஓர் இனம் உண்டு. பந்து உருளும் ஊரிலெல்லாம் இது விளையும், உரம்கூடத் தேவையில்லை. இந்நாள் மாஸ்டரை இது தொடாது. அவர் ஊரில் இருக்கும்வரை "மாஸ்டர், மாஸ்டர்" என்று குழைந்து, டீ வாங்கிக் கொடுத்து, அவர் சொல்லும் ஆறிப்போன ஜோக்குக்கெல்லாம் வயிறு குலுங்கச் சிரித்து, மைதானத்தில் அவருக்கு நாற்காலி தூக்கிப் போட்டு, பக்கத்திலேயே நின்று போட்டோவும் எடுத்துக்கொள்ளும். அவர் பெட்டியோடு பஸ் ஏறிப் பாம்பன் பாலத்தைத் தாண்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் இது வாயைத் திறக்கும். திறந்த வாய் பிறகு மூடுவதில்லை.

நீங்கள் பார்த்ததில்லையா? தங்கச்சிமடத்துக்கு வாருங்கள். ஜெபமாலை இருக்கிறார்.

ஜெபமாலை வடகடல் கால்பந்துக் கழகத்தின் மூத்த ரசிகர், கமிட்டியிலும் ஒருவர். சொந்தமாக ஒரு வள்ளம், ரெஜினா என்று ஒரு மனைவி, பிரெசில்லா என்று ஒரு மகள், உலகத்தில் உள்ள எதைப் பற்றியும் ஒரு கருத்து. இவ்வளவுதான் அவருக்குச் சொத்து. அவர் பந்து விளையாடியிருக்கிறாரா என்று கேட்கிறீர்கள். விளையாடியதே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஒருமுறை லைன்மேன் வராமல் போனபோது பாதி ஆட்டம் வரைக்கும் கொடி பிடித்திருக்கிறார். அந்த அனுபவம் போதாதா?

அவர் எடைபோடும் முன்னாள் மாஸ்டரின் பெயர் வேல்ராஜ். கமுதிப் பக்கத்துக் கரிசல்காட்டுக்காரர். பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு வடகடல் கழகத்துக்குப் பயிற்சி கொடுக்க வந்தார். ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருடம் பைனலில் தோற்றார். கமிட்டி கூடிக் கைதூக்கி அனுப்பிவிட்டது. போய்விட்டார். கதை முடிந்தது என்று நீங்களும் நானும் நினைப்போம். ஜெபமாலைக்கு அங்கேதான் ஆரம்பம்.

மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தீர்களானால் அவரை முழு வேகத்தில் பார்க்கலாம். கடலுக்குப் போக முடியாத விசைப்படகு ஆட்களெல்லாம் வந்து சேர, கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் அவருடைய வள்ளத்தின் நிழலில் சபை கூடும். மணலை இரண்டு கையாலும் வழித்துச் சமப்படுத்தி, அதில் கோடு கிழித்து, பதினோரு சிப்பிகளை எடுத்து வைப்பார். அவை நம் பையன்கள். எதிரணிக்குச் சோடா மூடிகள். வேல்ராஜ் மாஸ்டருக்கு மட்டும் வார் அறுந்த ஒரு செருப்பு. அதைக் கோட்டுக்கு வெளியே ஓரமாக வைத்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொள்வார்.

"மனுசன் நல்ல மனுசன்லே. அதுல குத்தம் சொன்னா என் நாக்கு அழுகிப்போகும். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு வருவதையெல்லாம் கேட்டால், நல்ல மனுசன் எந்தச் சந்துக்குள் ஓடி ஒளிந்தார் என்று தேட வேண்டியிருக்கும். சபையில் சந்தனம் என்று ஒருவர் இருப்பார். ஜெபமாலையின் பால்ய நண்பர், குறுக்குக் கேள்வி கேட்பதற்கென்றே பிறந்தவர்.

"அப்ப அந்தக் கப்பு எடுத்தது?"

"அது பிள்ளைக எடுத்தது."

"பைனல்ல தோத்தது?"

"அது மாஸ்டர் தோத்தது. இதுகூடத் தெரியாம நீயெல்லாம் பந்து பாக்க வந்துட்ட."

இப்படியொரு கணக்கு வாத்தியார் நமக்கு வாய்த்திருந்தால் நாம் எல்லாரும் பாஸாகியிருப்போம். போகட்டும். அந்தப் பைனலில் என்னதான் நடந்தது? அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது, ஏனென்றால் ஜெபமாலை போகவிட மாட்டார்.

வாடை என்றால் கடற்கரையில் வடக்கிலிருந்து வரும் காற்று. வடக்குத் திசைக்கும் அதே பெயர்தான்; தெற்குக்குத் தென்கடல். எங்கள் பையன்கள் மைதானத்தில் இடது, வலது என்று கூவுவதில்லை. "வாடைப் பக்கம் ஓடு, தென்கடல் பக்கம் கொடு" என்றுதான் கூவுவார்கள். கழகத்து மைதானத்தில் கிழக்கே ஒரு கோல், மேற்கே ஒரு கோல். மேற்குக் கோலில் எந்நேரமும் யாராவது வலையைக் காயப் போட்டிருப்பார்கள் என்பதால் பயிற்சியெல்லாம் கிழக்கைப் பார்த்துத்தான் நடக்கும். கிழக்கே பார்த்து நின்றால் வாடைப் பக்கம் இடது கைப் பக்கம். கரிசல்காட்டு மாஸ்டர் இதைக் கவனித்தார். வாடை என்று ஒருவன் கத்தினால் இன்னொருவன் இடது பக்கம் ஓடுகிறான். சரி, இந்த ஊரில் இடதுக்கு வாடை என்று பெயர் போலிருக்கிறது என்று மனசுக்குள் போட்டுக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. யாரும் சொல்லவுமில்லை. வளர்ந்த மனிதரிடம் போய் வடக்கு எது என்று யார் சொல்லுவார்கள்?

அதுவரை இடது, வலது என்றே சொல்லிக்கொண்டிருந்தவருக்குப் பைனல் அன்றைக்கு ஓர் ஆசை வந்தது. பிள்ளைகளின் பேச்சிலேயே கத்தினால் அவர்களுக்கு உற்சாகமாக இருக்குமே என்கிற ஆசை. இரண்டாம் பாதி. பக்கம் மாறி, வடகடல் அணி இப்போது மேற்கே பார்த்து ஆடுகிறது. இடது ஓரம் காலியாகக் கிடக்கிறது. மாஸ்டர் எழுந்து நின்று, "வாடை, வாடை" என்று கத்தினார். ஜெபமாலையின் அண்ணன் மகன் சகாயவினோத், நல்ல கடற்கரைப் பிள்ளை, வடக்கே ஓடினான். மேற்கே பார்த்தால் வடக்கு வலது பக்கம் அல்லவா? அங்கே ஏற்கெனவே ஜோஸ்வா நின்றுகொண்டிருந்தான். இருவரும் முட்டிக்கொண்டு விழ, பந்து யாருமில்லாத இடது ஓரத்துக்குப் போக, எதிராளி எடுத்துப் போய் நம் கோலில் போட்டான்.

"வடக்குத் தெக்குத் தெரியாத ஆள்கிட்ட ஊரையே ஒப்படைச்சோம். நான் அன்னைக்கே சொன்னேன்." ஜெபமாலை செருப்பைத் தட்டிவிடும் இடம் இது.

அன்றைக்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா? ஒன்றும் சொல்லவில்லை. வாரம் தவறாமல் மாஸ்டர் வீட்டுக்கு நண்டு கொடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

இந்தச் சபையில் ஒருநாள் வேகம் கொஞ்சம் அதிகமாகி ஜெபமாலை சொல்லிவிட்டார்: "இனி அந்த ஆளுகிட்ட என் வீட்டு நாய்க்குட்டியக்கூட விடமாட்டேன்." சபை தலையாட்டியது. நாய்க்குட்டி விஷயம் ஊர் முழுக்கப் பரவியது.

அடுத்த மாதமே பிரெசில்லா ராமநாதபுரம் மாவட்டப் பெண்கள் அணிக்குத் தேர்வானாள். இடது ஓரத்தில் ஓடுகிறவள். ஓடினால் பிடிக்க ஆள் கிடையாது. மாநிலப் போட்டி வரைக்கும் போனால் மதுரையில் ஒரு கல்லூரி அவளுக்கு ஹாஸ்டலோடு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. எல்லாம் நல்ல செய்திதான். அணிக்கு மாஸ்டர் யார் என்பதை மட்டும் அவள் கடைசியில் சொன்னாள்.

ஜெபமாலை சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை.

"வேற மாஸ்டரே கெடைக்கலையாமா இந்த மாவட்டத்துல?"

"அவுககிட்டத்தான்ப்பா எல்லாரும் நல்லா வெளையாடுறோம்."

"முடியாது. ஊருக்குள்ள நான் என்ன சொல்லி வச்சிருக்கேன்னு ஒனக்குத் தெரியுமா?"

ரெஜினா குழம்புச் சட்டியை இறக்கி வைத்தார். "நாய்க்குட்டிய விடமாட்டேன்னுதான சொன்னீக. நம்ம வீட்டுல நாயி இல்ல. மகதான் இருக்கா."

ஜெபமாலை, "எனக்கு ஒண்ணும் தெரியாது, என்னமும் செய்ங்க" என்றார். நம் வீடுகளில் தகப்பன்மார் சம்மதம் கொடுக்கும் முறை அதுதான். பிரெசில்லா பையைத் தூக்கிக்கொண்டு ராமநாதபுரம் போனாள். மகள் எங்கே என்று சபையில் கேட்டபோது மண்டபத்தில் அத்தை வீட்டுக்குப் போயிருப்பதாகச் சொன்னார். சொல்லும்போது செருப்பைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து அவருக்குத் தூக்கமில்லை. அந்த ஆள் என் பிள்ளையையும் தப்பான பக்கம் ஓடவிட்டுக் கெடுத்துவிடுவார் என்று ஒரு பயம். கெடுக்காமல் நன்றாக ஆக்கிவிட்டால் ஊரில் நம் பேச்சு என்னாவது என்று இன்னொரு பயம். எது பெரிய பயம் என்று அவருக்கே தெரியவில்லை. பாவம்தான்.

தூத்துக்குடி மாவட்டத்தோடு ஆட்டம். ஜெயிக்கிறவர்கள் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். தோற்றால் மதுரைக் கல்லூரியும் இல்லை, ஹாஸ்டலும் இல்லை. ஜெபமாலை, எஞ்சினுக்குச் சாமான் வாங்க வேண்டும் என்று சொல்லிவிட்டு ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறினார். மைதானத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தார். பக்கத்தில் இன்னொருவரும் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சந்தனம்.

"ஏலே, நீ எங்க இங்கன?"

"ஆஸ்பத்திரிக்கு வந்தேன். முட்டி வலி. நீயி?"

"எஞ்சின் சாமான்."

பின்வரிசையில் இன்னும் நாலைந்து துண்டுகள். சபை முழுவதும் வெவ்வேறு சோலியாக ராமநாதபுரம் வந்திருந்தது.

இரண்டாம் பாதி முடியப்போகிறது. இரண்டு பக்கமும் கோல் இல்லை. நம் பெண்கள் மேற்கே பார்த்து ஆடுகிறார்கள். இடது ஓரம் காலி. அதே மேற்கு, அதே இடது. கோட்டோரம் நின்றிருந்த வேல்ராஜ் மாஸ்டர் இரண்டு கையையும் வாயில் குவித்து, "வாடை, வாடை" என்று கத்தினார்.

பிரெசில்லா தென்கடல் பக்கம் ஓடினாள்.

ஜெபமாலையால் பொறுக்க முடியவில்லை. துண்டு கீழே விழ எழுந்து நின்று, மீன் ஏலத்தில் பழகிய குரலில், "ஏய் பிரெசி, வாடை அங்கிட்டு இல்ல, இங்கிட்டு, வடக்கால ஓடு தாயீ" என்று மைதானமே அதிரக் கத்தினார்.

தூத்துக்குடி அணியிலும் கடற்கரைப் பிள்ளைகள்தான். மாஸ்டர் வாடை என்றதும் வடக்கே போவதா, ஓடுகிற பெண்ணின் பின்னே போவதா என்று ஒரு நொடி தயங்கி நின்றவர்கள், ஒரு கடல்காரர் அடித்துச் சொன்னதும் நம்பி மொத்தமாக வடக்கே பாய்ந்தார்கள். பந்து தெற்கே போனது. அங்கே பிரெசில்லா மட்டும் இருந்தாள். அவளுக்கும் கோல்கீப்பருக்கும் நடுவில் யாருமே இல்லை.

கோல். ஆட்டமும் முடிந்தது.

மகளைக் கட்டிப்பிடித்து அழுத ஜெபமாலை, கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏன் தாயீ, வாடைன்னா வடக்குன்னு ஒனக்குமா தெரியாமப் போச்சு?"

"மாஸ்டர் வாடைன்னா எங்களுக்கு எடது பக்கம்ப்பா. டீமுக்கே தெரியும். மத்த ஊர்ப் பிள்ளைக அதுலதான் ஏமாறும். மொத நாளே நான் அவுககிட்டச் சொல்லத்தான் செஞ்சேன், வாடைன்னா வடக்குன்னு. அதுக்கு அவுக, தெரியும்மா, ஒரு பைனலக் குடுத்துத்தான் அதப் படிச்சேன், இப்பத் தெரிஞ்சேதான் தப்பாச் சொல்றேன்னாக."

வேல்ராஜ் மாஸ்டர் அதற்குள் பக்கத்தில் வந்துவிட்டார். "தம்பி, நீங்க மட்டும் கத்தலேன்னா அந்தப் பிள்ளைக பாதிதான் ஏமாந்திருக்கும்," என்று ஜெபமாலையின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "நண்டு குடுத்து விடுறத நிப்பாட்டிட்டீகளே" என்றார்.

ஜெபமாலைக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாள் செருப்பாக வைத்திருந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எந்தத் தீர்ப்பும் வாயில் வரவில்லை. மன்னிப்பாவது கேட்டுவிடலாம் என்றால் அந்தச் சொல்லும் வரவில்லை. "கொண்டாரேன் மாஸ்டர்" என்றார். நெஞ்சிலிருந்து வந்த சொல்தான் அது.

இந்த இடத்தில் ஒரு மனிதன் திருந்திவிட்டான் என்று முடித்திருந்தால் உங்களுக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி. ஆனால் மறுநாள் விடிந்துவிட்டதே.

வள்ளத்து நிழலில் சபை கூடியது. மணல் சமமானது. பதினோரு சிப்பிகள் வந்தன. வேல்ராஜ் மாஸ்டரின் இடத்தில் இன்றைக்குச் செருப்பு இல்லை. வீட்டு அலமாரியிலிருந்து கொண்டுவந்த ஒரு வெண்சங்கு.

"மாஸ்டர் காலத்துல ஒரே ஒரு குறைதான்லே," என்று தொண்டையைச் செருமிக்கொண்டார் ஜெபமாலை. "நம்ம அவர அனுப்புனது. நான் அன்னைக்கே சொன்னேன்."

"கமிட்டியில மொதக் கை ஒன் கைதானப்பா," என்றார் சந்தனம்.

"அது அவுக நல்லதுக்குத் தூக்குன கை. இங்கனயே கெடந்திருந்தா மாவட்ட மாஸ்டர் ஆகியிருப்பாகளா? அத விடு. நேத்து அந்தக் கோலு எப்படி விழுந்துச்சு? மாஸ்டர் பாதி சொன்னாக. மீதிய யாரு சொன்னா?"

சபை தலையாட்டியது. எல்லாருமே நேற்று ஆளுக்கொரு சோலி சொல்லிவிட்டு ராமநாதபுரம் போனவர்கள். எதிர்த்துப் பேச வழியில்லை. அறுந்த செருப்பு வீணாகிவிடுமோ என்று நீங்கள் கவலைப்பட வேண்டாம். வேல்ராஜுக்குப் பிறகு வடகடல் கழகத்துக்கு வந்த மாஸ்டர் போன வாரம்தான் பெட்டியோடு பஸ் ஏறியிருந்தார். "மனுசன் நல்ல மனுசன்லே," என்று ஜெபமாலை செருப்பை எடுத்துக் கோட்டோரம் வைத்தார். "ஆனா..."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். உங்கள் ஆபீஸில் மாற்றலாகிப் போன மேனேஜரைப் பற்றி நேற்று கேன்டீனில் பேசிக்கொண்டிருந்தவர் யார்? மாறிப் போன பங்குச் சாமியார் வைத்த பூசை எத்தனை நீளம் என்று கோவில் வாசலில் நின்று அளந்தவர் யார்? அவர்கள் இருந்தபோது நண்டு கொடுத்து அனுப்பியவரும் நீங்கள்தானே? நான் கேட்கவில்லை, விடுங்கள்.

ஆனால் இதைப் படித்து முடிக்கிற இந்த நிமிடத்தில், 'ஆள் ஆரம்பத்தில் நன்றாகத்தான் எழுதிக்கொண்டு வந்தார், கடைசியில்தான் கோட்டை விட்டுவிட்டார்' என்று உங்களுக்கு லேசாகத் தோன்றினால், தங்கச்சிமடத்துக்கு வாருங்கள். வள்ளத்து நிழலில் இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. என் இடத்தில் வைக்க எதுவும் தேடிக் கொண்டுவர வேண்டாம். செருப்பு அங்கேயே கிடக்கிறது.