உப்பு சுட்ட துவக்கு

கனவு காண்கிறவன் கையில் சைக்கிளைக் கூடக் கொடுக்கலாம், துவக்கைக் கொடுக்கக் கூடாது. அனுபவத்தில் சொல்கிறேன். கொடுத்தவர் என் மாமா. வாங்கிய கனவுக்காரன் நான்.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். மன்னாரிலிருந்து வந்த எங்கள் குடும்பம் புத்தளத்துப் பக்கம் கரைத்தீவில் இருந்தது. எனக்கு உப்பளத்தில் மேற்பார்வை வேலை. மேற்பார்வை என்றால் வெயிலில் நின்று பாத்திகளைப் பார்ப்பது. பாத்தியைப் பார்த்தால் அதில் வானம் தெரியும். வானத்தைப் பார்த்தால் எனக்குப் பேசி வைத்திருந்த ரிபாயா தெரிவாள். கற்பிட்டியில் தென்னந்தோட்டம் வைத்திருந்த அவளுடைய வாப்பாவைத்தான் மாமா என்கிறேன்.

மாமாவுக்குச் சம்மதம். அவருடைய அண்ணன் பெரிய மாமாவுக்கு இல்லை. "அந்தப் பொடியன் நிண்டுகொண்டே தூங்குறான்" என்று சொன்னாராம். (முழுப் பொய் என்று சொல்ல முடியாது.) அந்த ரோசத்தில், மாமா வீட்டு அலுமாரிக்கு மேலே கிடந்த காற்றுத் துவக்கைக் காட்டி, நான் நன்றாகச் சுடுவேன் என்று சொல்லிவிட்டேன். அதுவரை நான் சுட்டது பலாக்கொட்டை மட்டும்.

மாமாவுக்கு முகம் மலர்ந்தது. "அப்ப நல்லம் மகன். ஹஜ்ஜுப் பெருநாளைக்குக் காக்கா வருவார், உங்கட பெரிய மாமா. அவருக்கு முன்னால ஒரு தகரப் பேணிய வேலிக் கட்டையில வச்சி விழுத்திக் காட்டுங்க. பிறகு அவர் வாய் திறக்க மாட்டார்."

துவக்கைப் பாயில் சுற்றித் தந்தார். ஒரு சின்ன டப்பாவில் மூன்று ஈயக் குண்டுகளும் தந்தார். "இது பெருநாளைக்கு. பழகுறத்துக்கு வேற வாங்குங்க. இதே அளவாப் பாத்து வாங்கணும்."

பஸ்ஸில் ஒரு பெண்மணி பாய் என்ன விலை என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் 'இதே அளவு' என்பது மறந்து போயிருந்தது. புத்தளம் கடையில் "நாலரையா, அஞ்சரையா?" என்று கேட்டார்கள். மில்லிமீட்டர் கணக்காம். இறால் வாங்கினால் பெரியதாகப் பார்த்து எடு என்று உம்மா சொல்லி வளர்த்தவன் நான். ஐந்தரை என்றேன்.

வீட்டில் குழலை மடித்துக் குண்டை வைத்தால், அது உள்ளே போக மாட்டேன் என்றது. பெரிய மாமாவைக் குழந்தைப்பிள்ளைக் கதிரையில் இருத்தியது போல விளிம்பிலேயே உட்கார்ந்திருந்தது. உடைத்த குண்டுப் பேணியைக் கடைக்காரர் திருப்பி எடுக்கவில்லை. மாமாவிடம் கேட்கவோ வெட்கம்.

அடுத்த நாள் பின்னேரம் உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றபோதுதான் அந்த யோசனை வந்தது. ஒரு கல்லு உப்பை எடுத்துக் குழலில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. உம்மாவின் அரிதட்டைக் கொண்டுபோய், பெரியதும் சின்னதும் நீக்கி, ஒரே அளவாக ஒரு சிரட்டை உப்பு அரித்தெடுத்தேன்.

அந்த ஒரு கிழமையின் ஏழு நாளையும் இப்போது நினைத்தாலும் மனம் மிதக்கிறது. வேலை முடிந்து எல்லோரும் போன பிறகு, களப்புக் கடல் பக்கமிருந்து காற்று வரும். பாத்திகள் எல்லாம் ரோசா நிறமாகும். நான் சுடுவேன். உப்பு வெள்ளைப் புகையாகப் பூத்து, வெயிலில் மினுங்கி, மெல்ல மெல்லத் தண்ணீரில் இறங்கும். அது எதிலும் படவில்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை. அவ்வளவு அழகாக இருந்தது. மண்வெட்டியே ஒரு மாரியில் துருப்பிடித்துப் போகிற இடத்தில் வேலை செய்தவனுக்கு, துவக்கும் இரும்புதான் என்பது தோன்றவில்லை. வெளிப்பக்கத்தை மட்டும் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்து வைத்தேன்.

பெருநாள் வந்தது. சாப்பாடு முடிந்து எல்லோரும் முற்றத்துக்கு வந்தார்கள். ரிபாயா ஜன்னலில் நின்றாள். வேலிக் கட்டையில் பால்மாப் பேணி. மாமா தந்த நாலரைக் குண்டை வைத்து, பிஸ்மி சொல்லிச் சுட்டேன்.

புஸ் என்று கொஞ்சம் காற்று வந்தது. பேணி அசையவில்லை. இரண்டாவது குண்டும் அப்படியே. மூன்றாவது உள்ளேயே போகவில்லை.

"குண்டெல்லாம் எங்க போச்சி?" என்றார் பெரிய மாமா.

"உள்ளுக்குத்தான் இருக்கு" என்றேன். அன்றைக்கு நான் சொன்ன முதல் உண்மை அதுதான்.

மாமா துவக்கை வாங்கி, குழலைக் கல்லில் தட்டினார். வெள்ளையும் மண்ணிறமுமாக ஏதோ உதிர்ந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தார்.

"உப்பு" என்றார்.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஐந்தரை, சிரட்டை, அரிதட்டு, ஒன்று விடாமல். ரிபாயாவை இழந்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே சொன்னேன்.

முதலில் சிரித்தவர் பெரிய மாமா. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அரிதட்டுப் போட்டு அரிச்சிருக்கான் தம்பி. தூங்கிற ஆள் இவ்வளவு பாடுபடுவானா? கலியாணத்துக்கு நாளக் குறிங்க" என்றார் மாமாவிடம்.

மாமா சிரிக்கவில்லை. "உப்புத் திண்டவன் தண்ணி குடிக்கத்தான் வேணும். துவக்க நீங்களே வச்சிக்கொள்ளுங்க" என்றார். எனக்குக் கிடைத்த ஒரே சீதனம் அதுதான்.

அன்றிலிருந்து எந்தக் கறியில் உப்புக் குறைந்தாலும், "மருமகன்ட துவக்க எடுங்க" என்று மாமா வீட்டில் யாராவது சொல்லாமல் இருந்ததில்லை. மாமா மட்டும் அதைச் சொல்ல மாட்டார்.

போன வருடம் சிலாபம் ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு உப்பை அடியோடு நிறுத்திவிட்டார்கள். ரிபாயா கஞ்சி கொண்டுவந்து வைத்துவிட்டுத் தாதியுடன் கதைக்கப் போனாள். மாமா ஒரு கரண்டி குடித்தார். கோப்பையைத் தள்ளி வைத்தார். வாசலை ஒருமுறை பார்த்துவிட்டு என்னைக் கிட்டக் கூப்பிட்டார்.

"மருமகன், அந்தத் துவக்குல இன்னும் கொஞ்சம் இருக்கும்தானே?"