வேண்டாம் என்ற பட்டன் இல்லாத அப்டேட்

குடும்பத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் மேதை இருந்தே ஆக வேண்டும் என்பது நம் பக்கத்தில் எழுதப்படாத சட்டம். ஆள் இல்லாவிட்டால் கிடைத்தவனைப் பிடித்து மேதையாக்கிவிடுவார்கள். எங்கள் குடும்பத்தில் அப்படி மாட்டியவன் நான். என் தகுதி, கும்பகோணத்தில் ஒரு உரக்கடையில் கம்ப்யூட்டரில் பில் போட்டுக்கொண்டிருந்தது. (யூரியாவுக்கு எந்தப் பட்டன், பொட்டாஷுக்கு எந்தப் பட்டன் என்று தெரியும். மூன்றாவது பட்டனைத் தொட்டதில்லை.)

அக்காவைத் திருவிடைமருதூர் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் கொடுத்திருந்தோம். அத்தானின் தங்கை கோமதிக்குக் குவைத்தில் வேலை பார்க்கும் செந்தில் என்பவரைப் பேசியிருந்தார்கள். ஜாதகம் பொருந்திவிட்டது. பெரியவர்களுக்கெல்லாம் திருப்தி. கோமதிதான் இடக்குப் பண்ணினாள். அவர்கள் கொடுத்த போட்டோவில் மாப்பிள்ளை கறுப்புக் கண்ணாடியோடு ஏதோ ஒரு கோபுரத்துக்கு முன்னால் நின்றார்.

“கண்ணே தெரியல. ஆளப் பாக்காம நான் கழுத்த நீட்ட மாட்டேன்” என்று சொல்லிவிட்டாள்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. ஆகவே வீடியோ காலில் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. வெள்ளிக்கிழமை குவைத்தில் விடுமுறை. அன்றைக்கு அவரைப் பெற்றவர்கள் நேரில் வந்துவிடுவார்கள், கோமதி சரி என்றால் அப்போதே தட்டு மாற்றிவிடலாம் என்று ஏற்பாடு.

வீடியோ காட்டும் போன் அப்போது எங்கள் யாரிடமும் இல்லை. அத்தான் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதில் ஒரு வியாதியும் இருந்தது. நெட் போட்டதும் மூலையில் ஒரு பெட்டி வந்து, ‘உங்கள் புதிய பதிப்பு தயார்’ என்று இங்கிலீஷில் சொல்லும். கேட்காத பதிப்பு. கேட்காமலே அது எதையோ இறக்கிக்கொண்டிருக்க, நெட்டுக்காகச் சொருகும் டாங்கிளில் போட்ட நெட் பேக் காலியாகிவிடும்.

புதன்கிழமை என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் போய் அந்த ஃபைலைக் கண்டுபிடித்தேன், அழித்தேன். மிஷினை அணைத்துப் போட்டால் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தது. குப்பைத் தொட்டி வரைக்கும் போய் அழித்தேன். மறுபடியும் வந்தது. அதன் பெயரை மாற்றி ‘வேண்டாம்’ என்று வைத்தேன். உடனே அதன் பக்கத்தில் பழைய பெயரிலேயே இன்னொன்று முளைத்தது. ஒன்றாக இருந்ததை இரண்டாக்கியதுதான் என் அன்றைய சாதனை.

கடைசியில் மிஷினே வாய் திறந்தது. “இதை அழிக்க உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகியைக் கேட்கவும்.”

அத்தானிடம் படித்துச் சொன்னேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“இந்த வூட்டுக்கு நாந்தான் நிர்வாகி. நான் சொல்றேன், அழி மாப்ளே!”

அழித்தேன். வந்தது.

“எந்த வழியா வருது அது?”

“நெட்டு வழியாத்தான் அத்தான்.”

“அப்ப மடைய அடைச்சுட்டு இறைக்காம, தொறந்து வுட்டுட்டு இறைச்சுக்கிட்டு இருக்க?”

எனக்கு அது ஞானமாகப் பட்டது. டாங்கிளைப் பிடுங்கினேன். ஃபைலை அழித்தேன். திரும்ப வரவில்லை! அக்கா எனக்கு இரண்டாம் முறை காபி கொடுத்தாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் டாங்கிள் சாமி மாடத்தில் இருக்கட்டும் என்று வைத்தோம்.

வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையின் அப்பாவும் அம்மாவும் பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். எதற்கும் ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாமே என்று நான் கம்ப்யூட்டர் பக்கம் போனேன்.

அத்தான் பதறிவிட்டார். “ராகு காலம் பொறக்கப் போவுது! கைய எடு. பன்னெண்டு தாண்டட்டும்.”

மாப்பிள்ளையின் அப்பாவும் அதுதான் முறை என்று தலையாட்டினார். ஒன்றரை மணி நேரம் எல்லோரும் கேசரி சாப்பிட்டபடி அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பன்னிரண்டு தாண்டியதும் அக்கா திரைக்குச் சந்தனம் குங்குமம் வைத்தாள். நான் டாங்கிளைச் சொருகினேன்.

பெட்டி வந்தது. இந்த முறை பெரிதாக, திரையின் நடுவில். அதில் இரண்டே பட்டன்கள். ஒன்று ‘இப்போதே’. இன்னொன்று ‘இன்றிரவு’. ‘வேண்டாம்’ என்று ஒரு பட்டன் இருக்குமே என்று மேலும் கீழும் தேடினேன். இல்லை. புத்திசாலித்தனமாக, மூலையில் இருந்த சிவப்புப் பெருக்கல் குறியை அழுத்தி மூடினேன். (முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினால் எங்கள் ஊரில் வேண்டாம் என்று அர்த்தம். அந்தப் பெட்டியைச் செய்தவர்கள் ஊரில் சம்மதம் என்று அர்த்தமாம். இது எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது.)

மிஷின் தானே அணைந்து தானே எழுந்தது. திரை முழுக்க நீலம். ‘மூன்று சதவீதம். கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள்.’ நான் அழித்ததெல்லாம் எங்கே போயிருந்தது, எங்கிருந்து வந்தது, எதுவும் எனக்கு விளங்கவில்லை.

“அதென்ன தம்பி மூணு?” என்று கேட்டார் மாப்பிள்ளையின் அப்பா.

“நூறு வந்தா முடிஞ்சிரும் மாமா.”

எல்லோரும் நூறுக்காகக் காத்திருந்தோம். எப்படியோ வந்தது. மிஷின் ஒருமுறை அணைந்து எழுந்து, மறுபடியும் பூஜ்யத்திலிருந்து எண்ண ஆரம்பித்தது.

மாப்பிள்ளையின் அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு அத்தானிடம் கேட்டார்.

“தம்பி உங்களுக்கு என்ன ஒறவு?”

“என் சம்சாரத்தோட தம்பிங்க.”

“அப்ப பொண்ணுக்கு மொறப் பையன்?”

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். அதுவரைக்கும் எனக்கே அது தோன்றியதில்லை. கோமதி எதிரே வந்தால் நான் ஒதுங்கி வழிவிடுகிறவன்.

“ஆசை இருந்தா நேரா கேட்டிருக்கலாமே தம்பி” என்றார் மாப்பிள்ளையின் அம்மா. “மிஷின ஏன் கெடுக்கணும்?”

“ஐயோ, நான் மூடத்தாங்க செஞ்சேன்!” என்று அலறினேன்.

அக்கா என் காதருகே குனிந்தாள். “டேய், எங்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?” அவள் கண்ணில் நீர். இந்தச் சம்பந்தம் என்னால் முறிந்தால், அந்த வீட்டில் காலம் முழுக்கப் பேச்சு வாங்கப்போகிறவள் அவள்தான். அந்தப் பயத்தில் எனக்குப் பேச்சே வரவில்லை. பேசாததையும் அவர்கள் ஒப்புதலாக எடுத்துக்கொண்டார்கள்.

அத்தானுக்கு மானம் போயிற்று. எழுந்து போய் மெயின் சுவிட்சையே இறக்கினார். மின்விசிறியும் நின்றது. அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் அப்பாவுக்குக் குவைத்திலிருந்து போன்.

“ஒண்ணும் நடக்கலப்பா. இங்க பொண்ணோட மொறப் பையன் ஒருத்தன் வேணும்னே...” என்று அவர் ஆரம்பித்தபோது அறைக்குள்ளிருந்து கோமதி வந்தாள்.

“இவராவது, வேணும்னு கெடுக்குறதாவது! வேணும்னு ஒண்ணு செய்ய இவருக்குத் தெரிஞ்சாத்தானே?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். பிறகு போனுக்காகக் கையை நீட்டினாள். “குடுங்க மாமா, நானே பேசிக்கிறேன்.”

அவர் திகைத்துப்போய்க் கொடுத்துவிட்டார். அவள் கொல்லைப்பக்கம் நடந்தாள். “ஏங்க, அந்தக் கறுப்புக் கண்ணாடி எதுக்கு?” என்று கேட்டது மட்டும் எங்கள் காதில் விழுந்தது. மிச்சம் எதுவும் விழவில்லை. கேசரிப் பாத்திரம் காலியாகும் வரை பேசிவிட்டுத் திரும்பி வந்து, “சரி” என்றாள்.

“மொகத்தப் பாக்காமலேயா?” என்றார் அத்தான்.

“அன்னிக்குக் கண்ணுல கட்டியாம். மழுப்பாம சொன்னாரு. மொகத்தக் கல்யாணத்துல பாத்துக்குறேன்.”

தட்டு மாற்றினார்கள். கல்யாணமும் நன்றாகவே நடந்தது. அந்தக் கம்ப்யூட்டர் மட்டும் அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.

இப்போதும் செந்தில் லீவில் வந்தால் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார். “தம்பி, அன்னிக்கு நீங்க ஒழுங்கா வேலை பாத்திருந்தா இவ என் மூஞ்சியப் பாத்துட்டு வேணாம்னு சொல்லியிருப்பா, நானும் தப்பிச்சிருப்பேன்.” கோமதி உள்ளே இருந்தபடியே, “நானுந்தான்” என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள்.

சிரிக்காத ஒரே ஆள் என் மனைவி. அவள் எங்கள் குடும்பத்துக்குள் வந்ததே அதற்கெல்லாம் பிறகுதான். ஆனாலும் விசாரணையை அவள்தான் நடத்திவருகிறாள். நேற்றுக்கூட, நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டுக் கேட்டாள்.

“தெரியாமத்தான் பண்ணீங்க, சரி. தெரியாம பண்ணவருக்கு இவ்வளவு ஞாபகம் எதுக்கு?”