பதினான்காம் வரியில் தர்மா

பட்டியல் போட்டு வாழ்கிறவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. மறதி என்பது மற்றவர்களுக்கு வரும் வியாதி என்று நினைப்போம். எனக்கு அது வந்த அன்று, ஆய்வுக்கூடத்தில் இருந்த ஒரே கடலளவைக் கருவியைக் கடலுக்கே கொடுத்துவிட்டேன்.

இரண்டாயிரத்தில் ஃபிஜியில் ஆட்சி கவிழ்ந்து, இந்தியர்கள் கூட்டம் கூட்டமாக நாட்டைவிட்டுக் கிளம்பிய பிறகு, சுவாவில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் வாரம் ஒரு பிரிவு உபசாரம் நடந்தது. கேக் வாங்குவது நான். (போகப் போக, வெட்ட ஆளிருந்தது, தின்ன ஆளில்லை.) கடைசி கேக் தர்மாவுக்கு. லம்பாசா கரும்புத் தோட்டத்துப் பையன். பூட்டன் மதராஸிலிருந்து வந்தவராம். அவனுக்குத் தெரிந்த தமிழ் ‘சாப்ட்டியா’ மட்டும். பிரிஸ்பேன் போய்விட்டான்.

அப்பா மதுரையிலிருந்து ஒப்பந்தத்தில் வந்து, சுவாவை ஒட்டிய நசினுவில் கணக்கு வாத்தியாராக இருந்தார். வீட்டில் எல்லோருக்கும் நியூசிலாந்து விசா வந்திருந்தது. நான் வரமாட்டேன் என்றேன்.

“தற்காலிக வேலைய நம்பி தனியா இருக்கப் போறியாம்மா?”

“அடுத்த கடல் பயணம் நல்லபடியா முடிஞ்சா நிரந்தரம்னு டைரக்டர் சொல்லியிருக்காருப்பா.”

“ஆச்சுன்னா இரு. ஆகலைன்னா பொட்டியக் கட்டு.”

பவளத்திட்டுக்கு வெளியே, ஆழ்கடலில் கருவியை இறக்க வேண்டும். எவர்சில்வர் குடம் அளவு இருக்கும். இறங்க இறங்க வெப்பத்தையும் உப்பையும் தானே பதிந்துகொள்ளும். அந்த வருடம் பவளம் ஏன் வெளுத்தது என்று அறிய அந்த எண்கள் தேவைப்பட்டன.

இறக்குவதற்கு முன் செய்ய வேண்டியவை, என் பட்டியலில் இருபத்திரண்டு வரிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளர் பெயர். ஆட்கள் ஊரைவிட்டுப் போகப் போக, அவர்கள் பெயரை அடித்து என் பெயரை எழுதி வந்தேன். பயணத்தன்று பார்த்தால் பக்கம் முழுக்க நானே. (பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.)

படகில் நானும் படகோட்டி செமியும் மட்டும்.

“சிஸ்டா, கயிறு கட்டியாச்சா?”

“பட்டியல் இருக்கு, செமி.”

“பட்டியல் இருக்கு. கயிறு?”

“எல்லா வரிக்கும் டிக் போட்டுட்டேன்.”

அவர் தோளைக் குலுக்கினார். நான் கருவியை இறக்கினேன். வாளியில் சுருண்டிருந்த கயிறு கையுறைக்குள் சரசரவென்று ஓடியது. இருநூறு மீட்டர் தீர்ந்ததும் அது தானே நிற்க வேண்டும். மறுமுனை படகில் கட்டியிருக்குமே. நிற்கவில்லை. முனை நாய் வால் மாதிரி ஒருமுறை ஆடிவிட்டுத் தண்ணீருக்குள் போனது.

“ஈசா!” என்றார் செமி. ஃபிஜியில் இதைச் சாவுக்கும் சொல்வார்கள், பஸ் போய்விட்டாலும் சொல்வார்கள்.

பட்டியலைப் பார்த்தேன். பதினான்காம் வரி: கயிற்றின் மறுமுனையைப் படகில் கட்டுதல் – தர்மா. பக்கத்தில் என் டிக். மூன்று வருடம் அவன் தவறாமல் கட்டினான், நான் பார்க்காமலே டிக் போட்டேன். நான் அடிக்க மறந்த ஒரே பெயர் அவனுடையது. அவன் போய்ப் பன்னிரண்டு நாள் ஆகியிருந்தது.

டைரக்டர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். “வேற கருவி வாங்க வழியில்லை. கருவியே இல்லாம உன்னை எந்த வேலையில நிரந்தரம் பண்றது?” என்று மட்டும் கேட்டார். நியாயமான கேள்வி.

தர்மாவுக்கு நடந்ததை எல்லாம் நீளமாக மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரே ஒரு சொல்லில் பதில் வந்தது: சாப்ட்டியா?

அந்தக் கருவியின் பேட்டரி மூன்று மாதம் வரும். அந்த ஆழத்தில் நசுங்காமல் இருந்திருந்தால், நாங்கள் விமானம் ஏறிய அன்றும், யாரும் படிக்கப் போகாத எண்களை அது பதிந்துகொண்டிருந்திருக்கும்.

நாடி விமான நிலையத்தில் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த அப்பா நிமிர்ந்தார். “மறுமுனை யார் பொறுப்பு? பேரச் சொல்லு.” அழுதுகொண்டிருந்த அம்மா சிரித்துவிட்டாள்.

இப்போதும் ஆக்லாந்தில், கார் தெரு முனை தாண்டியதும் அப்பா கேட்பார்: “கேஸ அணைச்சது யாரு?”

“தர்மா!” என்போம் அம்மாவும் நானும். பிறகு அப்பா வண்டியைத் திருப்புவார்.

தர்மா எங்கள் வீட்டுக்கு வந்ததே இல்லை. ஆனால் இங்கே நடக்காமல் போன வேலை ஒவ்வொன்றும் அவன் பொறுப்புதான்.