சோபாவுக்காக வாங்கிய வீடு

குளியலறைக் குழாயை மாற்றித் தராமல் டிராயிங் மாஸ்டர் வீட்டைக் காலி செய்ய மாட்டாராம். மச்சான் வந்து இப்படிச் சொன்னதும் லாண்டரிக்காரர் இஸ்திரிப் பெட்டியை ஓரமாக வைத்தார்.

"போகப் போறவருக்கு எதுக்குடா புதுக் குழாய்?"

"நானும் அதைத்தான் கேட்டேன் அத்தான். இப்பப் போனா, ஒழுகற வீட்டுல இருக்க முடியாம ஓடிட்டார்னு நாலு பேர் பேசுவாங்களாம். குழாய் நல்லா இருக்கும்போதே அவரா மனசு வந்து போனதா இருக்கணுமாம்."

இது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை. இருந்தாலும் லாண்டரிக்காரர் பிளம்பரை அனுப்பி வைத்தார்.

அவர் கஷ்டம் அவருக்கு. பொழுது விடிந்ததிலிருந்து அடைகிறவரை நின்றுகொண்டே துணி தேய்க்கிற மனிதர். வீட்டுக்கு வந்து கால் நீட்ட ஒரு சோபா இருக்கிறது. அதில் மச்சான் படுத்திருப்பான். மனைவிக்கு ஒரே தம்பி. இன்டர்வியூ என்று நாலு நாள் தங்க வந்தவன், மூன்று வருஷமாக அடுத்த இன்டர்வியூவுக்குக் காத்திருக்கிறான். கிளம்பு என்று சொல்ல முடியுமா? சொல்லிவிட்டு அந்த வீட்டில் ஒரு வாய் சோறு நிம்மதியாகச் சாப்பிடத்தான் முடியுமா?

அதனால்தான் கடனை உடனை வாங்கி, இரண்டு தெரு தள்ளி ஓர் அறையும் சமையலறையுமாக ஒரு மாடி வீட்டை வாங்கினார். மச்சானை அங்கே குடிவைத்துவிட்டால் சோபா திரும்பக் கிடைத்துவிடும். சோபாவை மீட்க வீடு வாங்கிய ஆள் உலகத்திலேயே இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

உள்ளே டிராயிங் மாஸ்டர் குடியிருந்ததால் விலை கொஞ்சம் குறைவு. தங்கமான மனுஷர், ஒரு வார்த்தை சொன்னால் கிளம்பிவிடுவார் என்று புரோக்கர் அடித்துச் சொன்னார். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல லாண்டரிக்காரருக்குத்தான் வாய் வரவில்லை. சட்டையில் கறை போகவில்லை என்பதைக்கூட வாடிக்கையாளர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தெரியாதவர் அவர். மச்சானே முன்வந்தான்.

"நீங்க போய் நின்னா நல்லா இருக்காது அத்தான். எனக்காக வாங்கின வீடு. நானே பேசிக்கறேன்."

லாண்டரிக்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. பையனைத் தப்பாக நினைத்துவிட்டோமே என்று வருத்தப்பட்டார்.

குழாய் முடிந்ததும் சுவர் வந்தது. சுவரில் ஈரம் ஊறியிருக்கிறதாம். மாஸ்டரின் மனைவிக்கு மூச்சு வாங்குகிறதாம், குனிந்து சாமான் கட்ட முடியவில்லையாம். பூசிக் கொடுத்தார். ஒரு சுவர் புதுசாகவும் மூன்று சுவர் பழசாகவும் இருந்தால், படம் வரைகிற மனிதருக்குக் கண் உறுத்துமாம். உறுத்துகிற கண்ணை வைத்துக்கொண்டு வேறு வீடு எப்படித் தேடுவார்? மொத்த வீட்டுக்கும் பெயின்ட் அடித்துக் கொடுத்தார். அடித்த பிறகு பழைய மின்விசிறி அசிங்கமாகத் தெரிந்ததாம். அதுவும் மாறியது.

"உன் தம்பி சரியாப் பேசறானா, இல்ல பேசத் தெரியாம எதையாவது உளறிட்டு வரானா?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டுப் பார்த்தார்.

"உங்களுக்காகத்தான் புள்ள வெயில்ல அலையறான்" என்றவள், சோபாவில் கிடந்த தம்பிக்கு இன்னொரு தலையணை கொண்டுவந்து கொடுத்தாள். லாண்டரிக்காரர் சமையலறை ஸ்டூலில் போய் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டார்.

வாடகையை ஏற்றினால் தானாகப் போய்விடுவார் என்று அடுத்த யோசனை. போன வேகத்தில் மச்சான் திரும்பி வந்தான். கேட்டதும் மாஸ்டர் அழுதேவிட்டாராம். பாவமாக இருந்ததால் பழைய வாடகையே போதும் என்று இவனே சொல்லிவிட்டு வந்தானாம். லாண்டரிக்காரர் சுடுகிற பெட்டியை யாரோ ஒருவருடைய வெள்ளைச் சட்டையின் மேல் மறந்து வைத்தார். அந்தச் சட்டைக்கும் அவர்தான் தண்டம் அழுதார்.

ஒருநாள் தெருவில் மாஸ்டரே எதிரில் வந்தார். இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, இப்படி ஒரு ஓனர் யாருக்குக் கிடைப்பார் என்று உருகினார். தலையில் மிளகாய் அரைத்துவிட்டு உருக்கம் வேறா என்று லாண்டரிக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறந்தால் "ஃபேன் நல்லாச் சுத்துதா சார்?" என்றுதான் வந்தது. ஜன்னலில் வலை இருந்தால் கொசு வராது என்றார் மாஸ்டர். வலையும் அடித்தாகிவிட்டது.

அதோடு அவருக்குப் பொறுமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை, மச்சான் தூங்கி எழுவதற்கு முன்னால், கஞ்சி போட்டுத் தேய்த்த சட்டையை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பினார். எங்கே தைரியம் இறங்கிவிடுமோ என்று, சொல்ல வேண்டியதை வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே படியேறினார்.

மாஸ்டர் வெளியே போயிருந்தார். அவர் மனைவிதான் கதவைத் திறந்தார். லாண்டரிக்காரர் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தரையைப் பார்த்தபடி ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. நீங்க வீட்டைக் காலி பண்ணியே ஆகணும். இனிமே என்னால முடியாது."

நிமிர்ந்து பார்த்தார். அந்த அம்மாள் திகைத்துப்போய் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால், புதுப் பெயின்ட் அடித்த சுவரோரம், கயிறு போட்டுக் கட்டிய அட்டைப்பெட்டிகள் வரிசையாக அடுக்கியிருந்தன. மேலே தூசி படிந்திருந்தது.

"நீங்க வீட்டை வாங்கின வாரமே நாங்க மூட்டை கட்டிட்டோம் சார். உங்க மச்சான்தான், 'எங்க அத்தானுக்கு நீங்க போறது பிடிக்கலை, இருக்கறதுக்கு இன்னும் என்ன செஞ்சு தரணும்'னு வாராவாரம் வந்து கேட்டுட்டுப் போறார்."