ஸ்காபரோ நாணயத் தர நிர்ணய சபை

ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்று நாலாம் ஆண்டு, கனடாவின் ஸ்காபரோ நகர் வாழ் தமிழ் மக்களின் நெடுநாளைய குறையொன்று நீங்கியது. அவர்களிடம் கோயில் இருந்தது, கொத்துரொட்டிக் கடை இருந்தது, ஊர்ப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பழைய மாணவர் சங்கம் இருந்தது. பழைய அமெரிக்கச் சதக் காசுகளைத் தரம் பார்க்க ஒரு சபை மட்டும் இல்லை. அப்படியொரு குறை தங்களுக்கு இருந்ததே அவர்களுக்குத் தெரியாது, பாவம்.

சபையின் செயலாளர் சிவபாதம். பகலில் தொழிற்சாலையில் கதவுப்பிடி பொருத்துவார். மிச்ச நேரமெல்லாம் பூதக்கண்ணாடியும் செப்புச் சதமும்தான். அமெரிக்கத் தர விதிகளை அவரே தமிழாக்கினார். சதத்தில் இருக்கும் அம்மணியின் முகம் தேய்ந்து, வருஷம் மட்டும் தெரிந்தால் அது 'நல்லது'. அதைவிடத் தேய்ந்தால் 'சுமார்'. கைபடாமல் அச்சடித்தபடியே கிடந்தால் 'பாவிக்கப்படாதது'. அதுதான் உச்சத் தரம்.

"நல்லது எண்டால் தேஞ்சதோ?" என்று கேட்டார் தலைவர் இராஜரட்ணம்.

"அமெரிக்காக்காரன் அப்பிடித்தான் சொல்லுறான், அண்ணை."

"அப்ப சரி." மேற்கொண்டு கேள்வி எழவில்லை.

'உங்கள் நாணயத்தின் தரம் பார்த்துச் சான்றிதழ் வழங்கப்படும்' என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள். இரண்டு மாதம் ஈ காக்கைகூட வரவில்லை. மூன்றாம் மாதம் யூனியன்வில்லிலிருந்து இராஜேஸ்வரி வந்தார். சிவபாதத்தின் மகள் நிலாணியைத் தன் மகன் வாகீசனுக்குக் கேட்டு, ஆவணியில் கலியாணம் என்று வாக்கும் கொடுத்திருந்தவர்.

"அண்ணை, சம்மந்தியாகப் போறவரின்ரை நாணயம் எப்பிடி எண்டு பாத்து ஒரு சேர்ட்டிபிக்கட் தாங்கோ," என்றார் தலைவரிடம்.

"ஐயோ அக்கா! இது காசு நாணயம். ஆளின்ரை நேர்மை இல்லை!" என்று பதறினார் சிவபாதம்.

தலைவர் சபையின் யாப்பு விதிகளைப் புரட்டினார். "இதிலை நாணயம் எண்டுதான் கிடக்கு. காசு எண்டு எங்கை கிடக்கு? ஐசே, வந்த முதல் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பினால் பிறகு சபை என்னத்துக்கு?"

அவ்வண்ணமே, செயலாளரையே செயலாளர் சோதிக்க முடியாதென்பதால், தலைவரே விசாரணையை ஆரம்பித்தார்.

"நாணயத்தைக் கடைசியாய் எப்ப பாவிச்சனீர்?"

சிவபாதம் யோசித்தார். "போன கிழமை. பஸ் மாறி ஏறுற என்ரை ட்ரான்ஸ்ஃபர் துண்டு நேரம் முடிஞ்சுபோச்சு எண்டு நானே சாரதியிட்டைச் சொன்னன். இறக்கிவிட்டிட்டான். ஸ்னோவுக்கை நடந்தன்."

"அதுக்கு முதல்?"

"அப்பார்ட்மென்டிலை கனபேர் இருக்கக்கூடாது. எத்தினை பேர் எண்டு கட்டிடம் பாக்கிற சுப்பிரின்டன்ட் கேட்டான். எட்டுப்பேர் எண்டன்."

"எட்டையுமோ சொன்னனீர்?"

"ஓம்."

"சரியாய்த் தேஞ்சுபோச்சு," என்று தலைவர் உச்சுக்கொட்டினார். தரம்: நல்லது.

"தேஞ்ச நல்லதோ? இதை வைச்சு நான் சொந்தக்காரருக்கு முன்னாலை எப்பிடி முழிக்கிறது?" என்றார் இராஜேஸ்வரி.

தலைவருக்கு மனம் இளகியது. சிவபாதத்தை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். "ஐசே, பிள்ளையின்ரை வாழ்க்கை. உதொண்டும் நடக்கேல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லும். பாவிக்கப்படாதது எண்டு எழுதிவிடுறன்."

நிலாணி கூறைச்சேலைக்கு நிறம்கூடப் பார்த்து வைத்திருந்தாள். சிவபாதம் வாயைத் திறந்தார். பொய் வந்தால்தானே! "நடந்ததெல்லோ, அண்ணை," என்றார்.

"பாத்தீரோ, இப்பவும் பாவிக்கிறீர்!" தலைவர் 'நல்லது' என்பதை வெட்டிவிட்டு 'சுமார்' என்று எழுதினார்.

கலியாணம் நின்றது. நிலாணி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. "எல்லாம் என்னாலைதான், பிள்ளை," என்றார் சிவபாதம். அதையும் உண்மையாகத்தான் சொன்னார். இன்னும் கொஞ்சம் தேய்ந்தது.

அடுத்த ஞாயிறு இராஜேஸ்வரி மறுபடி வந்தார். மார்க்கம் நகரில் மகனுக்குப் புதுச் சம்பந்தமாம், அவர்கள் இராஜேஸ்வரியின் நாணயத்துக்குச் சான்றிதழ் கேட்கிறார்களாம். விதிப்படி செயலாளர்தான் பரிசோதிக்க வேண்டும்.

"எங்களுக்குத் தந்த வாக்கு?" என்று மட்டும் கேட்டார் சிவபாதம்.

"அது சும்மா வாயாலை சொன்னதெல்லோ!"

சிவபாதம் பேனையை எடுத்தார். 'பாவிக்கப்படாதது. ஒரு கீறல்கூட இல்லை' என்று எழுதி, மனச்சாட்சிக்கு விரோதமில்லாமல் ஒப்பம் வைத்தார்.

அம்மையார் அதைப் பிரேம் போட்டு வீட்டு ஹோலில் மாட்டினார். பார்த்தவர்களெல்லாம் சபைக்கு ஓடிவந்தார்கள். வீடு விற்பவர் வந்தார், காப்புறுதி விற்பவர் வந்தார், தேர்தலில் நிற்க இருந்தவர் குடும்பத்தோடு வந்தார். தலைவர் தனக்கும் ஒன்று எழுதுவித்தார். வருஷம் முடிவதற்குள் நானூறு சான்றிதழ் போயிற்று. 'நல்லது' என்று அதற்குப் பிறகு ஒருவருக்கும் எழுத வேண்டி வரவில்லை.