பாதிச் சிமெண்டு, பாதி மந்திரம்

மந்தின் ஊரிலிருந்து நடந்து வந்தார்கள். கோலா பிலாவிலிருந்து மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். ஜப்பான்காரன் அரிசியைக் கண்ணில் காட்டாத காலம். மரவள்ளிக்கிழங்கைத் தின்று வயிறு ஒட்டிப்போன சனம், ஒளித்து வைத்திருந்த கடைசிப் பிடி அரிசியை மடியில் கட்டிக்கொண்டு வந்தது. எதற்கு? ஒரு சாமி மந்திரம் சொல்லிச் சிமெண்டுக் கல்லை இறுக்குகிறாராம். அதைப் பார்க்க! வயிறு சுருங்கினால் வாய் தானாகப் பிளந்துகொள்ளும் போலிருக்கிறது.

வெள்ளைக்காரன் ஓடும்போது ரப்பர் தோட்டத்துப் பாலத்தை வெடி வைத்துவிட்டுத்தான் ஓடினான். பின்னால் வந்த ஜப்பான்காரன், "மாசம் முடியறதுக்குள்ளே பாலத்துல லோரி ஓடணும். பாலம் விழுந்தா லயத்து வீடுகள்ல இருக்கிற ஆம்பிளை அத்தனை பேரும் சயாமுக்கு ரயில் பாதை போடப் போகணும்" என்று சொல்லிவிட்டான். அங்கே போனவன் திரும்பியதில்லை. ரெண்டு சிமெண்டுக் கால், மேலே கட்டைத் தளம், அவ்வளவுதான் பாலம். முதல் கால் எழும்பி நின்றது. அதற்குள் எவனோ ஒருத்தன், பாலம் மனுசத் தலை கேட்கும் என்று கிளப்பிவிட்டான். பிள்ளைகளை உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

அந்தப் பயம் நன்றாகப் பழுத்த பிறகு வந்து இறங்கினார் மணியம் சாமி. தாடி, செவப்பு வேட்டி, தோளில் ஒரு பித்தளை அண்டா.

"தலையெல்லாம் வேணாம். மந்திரம் பாதி, சிமெண்டு பாதி போட்டு அடுத்த காலை எழுப்பு. மீதி மூட்டையை என் பூசைக் கொட்டாயில வை. வீட்டுக்கு ஒரு கோழி போதும்."

ஆட்களை மேய்க்கிற மண்டோர் அமிர்தலிங்கம் கன்னத்தில் போட்டுக்கொண்டு மூட்டைகளை அனுப்பி வைத்தார். ரெண்டாவது கால் பாதிச் சிமெண்டில் எழும்பியது. லயத்தில் கோழி கூவுவது நின்றது.

அந்தக் காலுக்கு மணல் சுமந்தவள் மங்கம்மா. அவள் புருசன் வீரமுத்து தோட்டத்து லோரி ஓட்டுகிறவன். புதுப் பாலத்தில் முதலில் ஏறப்போவது அவன் லோரி.

"ஏங்க, குழம்புல புளியைப் பாதியாப் போட்டா உங்க நாக்கு கண்டுபிடிச்சிடுது. சிமெண்டைப் பாதியாப் போட்டா லோரி கண்டுபிடிக்காதா?"

"வாயை மூடு புள்ள. சாமி காதுல விழப்போவுது."

"நீங்க ஆத்துல விழறதுக்கு, என் பேச்சு அவர் காதுல விழட்டும்."

வீரமுத்து சிரித்தான். ஆனால் அன்றைக்கு அவன் கிழங்கு பாதி தட்டிலேயே கிடந்தது. அதை மங்கம்மா பார்த்தாள்.

ரெண்டாவது கால் வார்த்த அன்றே அவள் ஒரு காரியம் செய்திருந்தாள். காலியான பால் டின் ஒன்றில் அதே கலவையை அள்ளி வந்து காயப்போட்டிருந்தாள். ஏன் என்று கேட்ட முத்தாயியிடம், "கறி வெந்திருக்கான்னு ஒரு துண்டு எடுத்துப் பாக்கமாட்டியா? அதுக்குத்தான்" என்றாள். முத்தாயி சாமியின் முதல் பக்தை. பாவம், அவள் சேவல்தான் முதலில் போனது.

ஞாயிற்றுக்கிழமை. ஆள் கணக்கு எடுக்கிற பெரட்டுக் களத்தில் எள் போட இடமில்லை. பெரிய மரத்தின் வேருக்கடியில் நீளக் கட்டை ஒன்றின் ஒரு முனையைச் சொருகி வைத்திருந்தார்கள். வேரை ஒட்டி, கட்டைக்கு அடியில் கல்லை வைப்பது. மறுமுனையில் ஆட்கள் ஏறி உட்காருவது. மந்திரம் கேட்ட கல் தாங்கும், கேட்காத கல் நொறுங்கும். இதுதான் சாமியின் சோதனை. சாமி கொண்டுவந்த ரெண்டு கல்லும் பால் டின்னில் வார்த்தவை. ரெட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. ஒன்று அண்டாத் தண்ணீரில் ஊறிக்கொண்டிருந்தது. இன்னொன்று கொட்டாய்க் கூரையில் வெயில் குடித்துக்கொண்டிருந்தது.

சாமி அண்டாக் கல்லை எடுத்துக் கண்ணை உருட்டி, உடம்பை ஆட்டி முணுமுணுக்கத் தொடங்கினார்.

"சாமி!" என்றாள் மங்கம்மா.

"என்னம்மா? குழந்தை வரமா?"

"வரமெல்லாம் வேணாம். இன்னிக்கு ஒரே ஒரு நாளு, மந்திரத்தை அந்தக் கூரைக் கல்லுக்குச் சொல்லுங்க. அண்டாக் கல்லு மந்திரம் இல்லாம சும்மா இருக்கட்டும்."

முணுமுணுப்பு நின்றது.

"அது... நேரம் சரியில்லம்மா. ராகு காலம்."

"ராகு காலம் கூரைக் கல்லுக்கு மட்டுந்தானா?"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மண்டோர் பாய்ந்து வந்தார். "ஏ மங்கம்மா! சாமியைச் சோதிக்கிறியா? கண்ணு அவிஞ்சிடும்!"

"மண்டோரண்ணே, என் தாலியில்ல அந்தக் கால் மேல ஏறப்போவுது? சாமிக்கு மந்திரத்தை மாத்திச் சொல்ல முடியலன்னா சும்மா விடுங்க. மொத லோரியில என் வீட்டுக்காரர் பக்கத்துல குந்திக்கிட்டுப் பாலத்தைத் தாண்டட்டும்."

"ஆமாம்லா, அது நியாயந்தானே!" என்றது கூட்டம். சாமியின் தாடிக்குள் வியர்வை இறங்கியது. லோரியா, கல்லா என்று ஒரு கணம் யோசித்தார். கல்லே தேவலை என்று கூரைக் கல்லை வாங்கி, தொண்டை கிழிய மந்திரம் சொன்னார். திருநீறு என்ன, குங்குமம் என்ன! அந்தக் கல் அவ்வளவு மரியாதையைக் கண்டதே இல்லை.

கட்டைக்கு அடியில் வைத்தார்கள். மூன்று பேர் ஏறினார்கள். நாலாவதாக முத்தாயி ஏறினாள். பொறுக்! மந்திரம் கேட்ட கல் மாவாகிவிட்டது.

அடுத்து அண்டாக் கல். மந்திரம் கிடையாது, திருநீறு கிடையாது. நாலு பேர், எட்டுப் பேர், கட்டை வளைய ஆள் ஏறினார்கள். கடைசியில் மண்டோர் தன் தொந்தியோடு ஏறி உட்கார்ந்தார். கல் அசையவில்லை.

மங்கம்மா முந்தானைக்குள்ளிருந்து தன் டின் கல்லை எடுத்தாள்.

"இது நம்ம ரெண்டாவது காலு. அன்னிக்கு வார்த்த அதே கலவை. சாமி நேர்ல நின்னு மந்திரம் சொன்னது."

ரெண்டே பேர் உட்கார்ந்தார்கள். நொறுங்கியது. வீரமுத்து அந்தத் தூளைக் கையில் அள்ளிப் பார்த்தான். நேரே பூசைக் கொட்டாய்க்குப் போய் செவப்புத் துணியை இழுத்தான். அடியில் சிமெண்டு மூட்டைகள், பக்கத்தில் அரிசி, மூலையில் முத்தாயியின் சேவல் இறகு.

"சயாமுக்கு எங்களையாடா அனுப்பப் பாத்தே?"

"அடிக்காதீங்க! நான் ரோட்டு வேலையில கொத்தனார் கையாளா இருந்தவன். சிமெண்டைக் கூடப் போட்டுத் தண்ணியில ஊறவெச்சா கல்லு இறுகும். குறைச்சுப் போட்டு வெயில்ல விட்டா உதிரும். அவ்வளவுதான் மந்திரம்!"

"ஜப்பான்காரன்கிட்ட புடிச்சுக் குடுப்போம்" என்றார் மண்டோர்.

"வேணாண்ணே. அவன் வெட்டிப்புட்டா பாலம் நெஜமாவே தலை வாங்கினதா ஆயிடும்" என்றாள் மங்கம்மா. "சாமிக்கு வேலை இருக்கு."

ரெண்டாவது காலில் கடப்பாரையை வைத்ததும் பொலபொலவென்று கொட்டியது. இருந்த மூட்டைகளைக் கொண்டு முழுச் சிமெண்டில் புதுக்கால் வார்த்தார்கள். அதைச் சுற்றி ஈரச் சாக்கு. ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்து அந்தச் சாக்கு காயாமல் நனைத்தவர் மணியம் சாமி. அதே பித்தளை அண்டா. தாடியை மழித்துவிட்டார், வேலைக்கு இடைஞ்சலாம்.

மாதக் கடைசியில் வீரமுத்து பாரம் ஏற்றிய லோரியைப் பாலத்தில் விட்டான். மங்கம்மா கரையில் புதுக்காலையே பார்த்துக்கொண்டு நின்றாள். கட்டைகள் முனகின. கால்கள் முனகவில்லை. அக்கரையில் ஏறியதும் அவன் ஹாரனை விடாமல் அடித்தான்.

அப்போது யாரோ அவள் காலைத் தொட்டார்கள். குனிந்து பார்த்தால் முத்தாயி. கையில் ஒரு கோழிக்குஞ்சு.

"சிமெண்டு ஆத்தா! என் பிள்ளைக்குத் திருநீறு பூசும்மா!"

அவள் பின்னால் நாலு பேர். அதற்குப் பின்னால் கும்பிட்டபடி மண்டோர்!

"எழுந்திரு முத்தாயி. கோழிக்கு மறுபடி கேடு தேடாதே. யார் காலில விழறதா இருந்தாலும் மொதல்ல அவங்களை அந்தக் கட்டைக்கு அடியில வெச்சு ஏறி உக்காந்து பாரு. நொறுங்காம நின்னா அப்புறம் யோசிப்போம். நானா இருந்தாலும் சரி, சாமியா இருந்தாலும் சரி!"